என் சுவிட்சுக்கு அவ பூட்டு

ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமா சார்? தப்பா எடுத்துக்காதீங்க. ஆடிக் காத்து மூஞ்சில அறையுது. முன்னெல்லாம் எனக்குக் காத்துன்னா உசுரு. இப்பக் காத்துன்னு யாராச்சும் வாயெடுத்தாலே பத்திக்கிட்டு வருது. காத்து எந்தப் பக்கம் போகுது, எம்புட்டு வேகத்துல போகுதுன்னு அளக்கறதுக்குன்னே ஒரு பொம்பளப் புள்ள எங்க காலேஜுக்கு வந்துச்சு சார். நல்லா அளந்துச்சு. அளந்து முடிக்கறப்ப என் இருபத்தாறு வருஷ சர்வீஸ் காத்தோட போயிருச்சு.

நீங்களும் மதுரைதானே? அப்ப பஸ்ஸு போய்ச் சேர நேரம் இருக்கு. எனக்கு டிரஸ்ட் ஆபீஸ்ல ஒரு லெட்டர் குடுக்கணும். என் பக்கத்து நியாயம் பூரா அதுல இருக்கு, நாலு பக்கம்.

என் பேரு தனிக்கொடி. பழனி பக்கத்துல ஒரு காலேஜ், பேரு வேண்டாம், உப்புத் தின்ன இடம். அங்க மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். லைட்டு, ஃபேனு, தண்ணி டேங்க்கு, கதவு, ஜன்னலு, எல்லாம் நான்தான். இடுப்புல நூத்தி நாப்பது சாவி தொங்கும். நான் கீழ நடந்தா மூணாவது மாடில சத்தம் கேக்கும், பயலுக சிகரெட்டை அணைச்சுருவானுக. இப்பவா? இப்ப ரெண்டே ரெண்டு சாவி. சொல்றேன், வரிசையா சொல்றேன்.

எங்க கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் தலைவி கலாவல்லி மேடம். நல்லவங்க, ஆனா ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டாங்க. ஆறு வருஷமா ஒரே பாட்டு. "லேப்ல ஃபியூம் ஹூட் வேணும், ஃபியூம் ஹூட் வேணும்." ஃபியூம் ஹூட்னா என்னான்னு கேக்கறீங்களா? பெரிய பீரோ மாதிரி இருக்கும் சார். முன்னால கண்ணாடிக் கதவு, மேலயும் கீழயும் தூக்கி இறக்கலாம். உள்ள வச்சு ஆசிட் வேலை, நெடி அடிக்கற வேலையெல்லாம் செய்வாங்க. மேல ஒரு குழாய், அது மொட்டைமாடி வரைக்கும் போகும். அங்க ஒரு மோட்டார் ஃபேன், புளோயர்னு சொல்வாங்க, அது உள்ள இருக்கற நெடியை உறிஞ்சி ஆகாசத்துல விட்டுரும். அவ்வளவுதான். வீட்டு அடுப்படில சிம்னி இருக்குல்ல, அதோட பெரியப்பா.

இது இல்லாம அத்தனை வருஷம் புள்ளைங்க படிக்கலையா? ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் படிச்சுச்சுக. போன வருஷம் ரெண்டு பொண்ணுங்க லேப்ல மயங்கி விழுந்துச்சுக, அதுக்கு மேடம் ஒரே ரகளை. காலைல சாப்பிடாம வந்திருக்கும்ங்க. எனக்குத் தெரியாதா? ரெண்டாவது பொண்ணு ஆஸ்பத்திரில மூணு நாள் இருந்துச்சுன்னாங்க. அதுவும் சாப்பிடாததுதான்.

சரி, இன்ஸ்பெக்ஷன் கமிட்டி வந்துச்சு, அவங்களும் அதையே எழுதி வச்சுட்டுப் போய்ட்டாங்க. கரஸ்பாண்டன்ட் அய்யா உடனே வாங்கச் சொல்லிட்டாரு. வைகாசி கடைசில பெட்டி பெட்டியா வந்து இறங்குச்சு. அய்யா என்னைக் கூப்பிட்டு, "தனிக்கொடி, ஆடி பொறந்துட்டா நான் எதையும் திறக்க மாட்டேன். ஆனி கடைசி முகூர்த்தத்துல திறப்பு விழா. ஒரு ரிட்டயர்டு விஞ்ஞானி சீஃப் கெஸ்ட்டா வர்றாரு. அன்னைக்கே மேடைல உனக்கும் ஒரு சால்வை. இருபத்தாறு வருஷம் உழைச்சிருக்க" அப்படின்னாரு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார். வீட்ல சொல்லி, அந்த விழாவுக்குன்னே ஒரு வேட்டி எடுத்தேன்.

அப்புறம் வந்தா மகராசி. ஜெபராணி. மார்த்தாண்டம் பக்கம். கம்பெனிலேர்ந்து மாட்டறதுக்கும் டெஸ்ட் பண்றதுக்கும் அனுப்பிச்சிருக்காங்க. கூட ரெண்டு ஃபிட்டருங்க, ரெண்டு பேரும் இவளை "மேடம், மேடம்"னு கூப்பிடறானுக. முப்பது வயசு இருக்கும். நீல ஓவர்கோட்டு, காலுல பூட்ஸ், தோள்ல ஒரு பை. அந்தப் பையில இருந்து எதை எடுத்தாலும் எனக்கு ஒரு கெடுதல்னு அப்பத் தெரியாது.

நான் ஏற்கெனவே இடம் பார்த்து வச்சிருந்தேன். லேப் வாசலை ஒட்டி, வலது பக்கம். யாராச்சும் வி.ஐ.பி. உள்ள நுழைஞ்சா முதல்ல அதுதான் கண்ணுல படணும். மேலயே ஏசி, நிக்கறவங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கும். யோசிச்சு வச்ச இடம் சார். அவ வந்தா, பார்த்தா, ரெண்டு நிமிஷம் நின்னா.

"இங்க வைக்கக் கூடாது சார்."

"ஏம்மா?"

"வாசல் பக்கம் ஆளுங்க போக வர இருப்பாங்க. கதவு திறந்து மூடும். மேல ஏசி வேற அடிக்குது. உள்ள போற காத்தை இதெல்லாம் கலைச்சு வெளிய இழுத்துடும்."

"ஆளு நடந்து போறதுக்கெல்லாம் காத்து கலையுமா?"

பையில இருந்து ஒரு கண்ணாடிக் குழாய் எடுத்தா. பின்னாடி ரப்பர் பல்பு. அமுக்குனா வெள்ளையா ஒரு நூல் மாதிரி புகை வருது. "சார், நீங்க சும்மா இப்படி நடந்து போங்க"ன்னா. நானும் போனேன். அந்தப் புகை நாய்க்குட்டி மாதிரி என் பின்னாடியே வந்துச்சு சார். ஃபிட்டருங்க ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துட்டுச் சிரிக்கறானுக. கலாவல்லி மேடம் அங்கேயே, "எங்க வைக்கணுமோ அங்க வைங்கம்மா"ன்னுட்டாங்க. போச்சு, கடைசி மூலைக்குப் போச்சு. இப்ப வி.ஐ.பி. உள்ள வந்தா முதல்ல பார்க்கறது கைகழுவுற தொட்டி.

அடுத்தது குழாய். கேன்டீன் சிம்னியை மாத்துனப்ப பழைய தகரக் குழாய் நாப்பது அடி கழட்டி, பத்திரமா ஸ்டோர்ல வச்சிருந்தேன். பெயின்ட் அடிச்சுப் புதுசு மாதிரி ஆக்கி, "இந்தாம்மா"ன்னு பெருமையாக் காட்டுனேன். தகரத்தை ஆசிட் நெடி ஒரு வருஷத்துல அரிச்சுடும், ஓட்டை விழுந்தா நெடி பூரா வகுப்பறை கூரைக்குள்ள இறங்கும்னா. கம்பெனி பிளாஸ்டிக் குழாய்தான் போடணுமாம். சரி, குழாயோட வாயை மொட்டைமாடில கீழ்நோக்கி வளைச்சு, மேல ஒரு தொப்பி போட்டுரலாம், மழை இறங்காது, பாக்கவும் லட்சணமா இருக்கும்னேன். அதுக்கும் கூடாது. நேரா நிக்கணுமாம், பத்தடி. தொப்பி கூடாதாம். இல்லாட்டிக் காத்து அமுக்கி, நெடி திரும்ப லேடீஸ் ஹாஸ்டல் ஜன்னலுக்கே போகுமாம். இப்ப ரோட்ல நின்னு பார்த்தீங்கன்னா, காலேஜ் பேரை எழுதியிருக்கற போர்டுக்குப் பின்னாடி அது ஆச்சரியக்குறி மாதிரி நிக்குது. யார் பார்த்தாலும் என்னைத்தான் கேக்கறாங்க.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன் சார். படிச்ச புள்ள, ஏதோ சொல்லுதுன்னு விட்டுட்டேன். மோட்டாருக்குக் கரண்ட் கனெக்ஷன் மட்டும் நான்தான் குடுத்தேன். அதை அடுத்தவங்க தொட விடமாட்டேன். மூணு ஃபேஸ் லைன். நானே இழுத்து நானே முறுக்குனேன். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். ஜும்முன்னு ஒரு சத்தம். அப்படியே விமானம் மாதிரி. நான் ஒரு ஊதுபத்தியைப் பொருத்தி ஹூட்டுக்குள்ள காட்டுனேன். புகை அழகா மேல போச்சு. நின்னுட்டிருந்த ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் கை தட்டுச்சுக.

அதோட விட்டாளா? கண்ணாடிக் கதவை ஒண்ணரையடி தூக்கி நிறுத்துனா. அந்த இடைவெளியை மேல மூணு, நடுவுல மூணு, கீழ மூணுன்னு ஒம்பது கட்டமாப் பிரிச்சுக்கிட்டா. ஒவ்வொரு கட்டத்துலயும் சின்னக் காத்தாடி வச்ச ஒரு மீட்டரைப் பிடிச்சு, உதட்டுக்குள்ள எண்ணி, எழுதறா. சாமிக்குப் பூ வைக்கறவங்க கூட அவ்வளவு பொறுமையா வைக்க மாட்டாங்க. முடிச்சுட்டுத் தலையை ஆட்டுனா.

"பத்தலை சார். நொடிக்கு அரை மீட்டர் வேகம் வரணும். கால் கூட வரலை. அந்த இடது மூலையில உள்ள போறதுக்குப் பதிலா வெளிய வருது."

"ஊதுபத்திப் புகை மேல போச்சேம்மா."

"ஊதுபத்தி எங்க வச்சாலும் மேலதான் சார் போகும். சூடு."

ஸ்டூடன்ட்ஸ் முன்னாடி சொன்னா சார் இதை. அந்தப் புகைக் குழாயை இடது மூலையில பிடிச்சு அமுக்குனா. வெள்ளைப் புகை சுருண்டு அப்படியே வெளிய வந்து, நேரா நிக்கற ஆளோட மூக்குக்கு வந்துச்சு. ஆளு யாரு? நான்தான்.

மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றா, "ஃபேன் தலைகீழா சுத்துது சார். ரெண்டு ஒயர் மாறியிருக்கு."

"ஃபேனுக்கு ஏதும்மா தலை? சுத்துதா இல்லையா?"

"சுத்துது."

"காத்து வருதா இல்லையா?"

"வருது. பாதி வருது. இந்த மாதிரி ஃபேன் எதிர்ப்பக்கமாச் சுத்துனாலும் கொஞ்சம் உறிஞ்சும் சார். அதனாலதான் நிறையப் பேர் கண்டுபிடிக்காம விட்டுடறாங்க."

நிறையப் பேர்னா யாரு? நான்தானே? சொல்றதை எப்படி வளைச்சுச் சொல்றா பாருங்க. ஒயரை மாத்துனா. மாத்துனதும் அரை மீட்டருக்குக் கிட்டக்க வந்துச்சு, ஆனா அப்பப்ப இறங்குது. மோட்டாரையும் ஃபேனையும் சேக்கற பெல்ட்டு லூஸாம், வழுக்குதாம். இருட்டிருச்சு. "காலைல பெல்ட்டைச் சரி பண்ணி, திரும்ப ஒம்பது கட்டமும் பார்த்துட்டுத்தான் சார் சர்டிபிகேட்"ன்னா.

"பத்தரைக்கு விழாம்மா."

"முடிஞ்சதும் சொல்றேன் சார்."

பத்தரைக்குள்ள முடிச்சுருவேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. கவனிச்சுக்கோங்க.

விழா அன்னைக்குக் காலைல எட்டு மணிக்கெல்லாம் புது வேட்டில வந்துட்டேன். வாழை மரம், கோலம், குத்துவிளக்கு எல்லாம் ரெடி. லேப்புக்கு வெளிய நடைல மெயின் சுவிட்ச் இருக்கு, கைப்பிடி வச்சது. அதைப் பார்த்தா, சார், கைப்பிடியில ஒரு செவப்புப் பூட்டு தொங்குது! பூட்டோட ஒரு அட்டை. அட்டையில அவ போட்டோ, பேரு, போன் நம்பர். "ஆள் வேலையில் இருக்கிறார். சுவிட்சைப் போடாதீர்கள்." பெரிய எழுத்துல.

என் காலேஜ், என் நடை, நான் மாட்டுன சுவிட்சு. அதுல அவ பூட்டு. என்கிட்ட நூத்தி நாப்பது சாவி இருக்கு, இந்த ஒரு பூட்டுக்கு இல்ல. இருபத்தாறு வருஷத்துல எனக்குச் சாவி இல்லாத பூட்டு அந்தக் காலேஜுல அதுதான் சார் முதல்.

சரி, பத்தரை வரைக்கும் டைம் இருக்குன்னு விட்டேன். பெருந்தன்மைதான். ஆனா சீஃப் கெஸ்ட் பத்தேகாலுக்கே வந்துட்டாரு. விஞ்ஞானிங்க எல்லாம் நேரத்துக்கு முன்னாடி வந்து உசுரை வாங்குவாங்க. கலாவல்லி மேடம் பூச்செண்டோட கேட்டுக்கு ஓடுனாங்க. அய்யா போன்ல, "தனிக்கொடி, எல்லாம் ரெடிதானே? அவர் நேரா லேப்புக்குத்தான் வர்றாரு"ங்கறாரு. நான் என்ன சொல்ல? "ரெடிங்கய்யா"ன்னுட்டேன்.

அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கலை. ரெண்டாவது தரம் போட்டேன். எடுக்கலை. ஃபிட்டருங்க ரெண்டு பேரும் கேன்டீன்ல பொங்கல் தின்னுட்டு இருக்கறதை என் கண்ணால பார்த்தேன். அப்ப இவளும் எங்கயாச்சும் டீ குடிச்சுட்டு இருப்பான்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். மேல போய்ப் பார்த்திருக்கலாமேன்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. மூணு மாடி சார். எனக்கு முட்டி. புது வேட்டி வேற.

ஸ்டோருக்குப் போய்ப் பெரிய கட்டரை எடுத்துட்டு வந்தேன். ஒரே அமுக்கு. டப்புனு விழுந்துச்சு. பூட்டையும் அட்டையையும் காலால ஓரமாத் தள்ளிட்டேன். வி.ஐ.பி. வர்ற இடம், குப்பை கிடக்கக் கூடாதுல்ல?

எல்லாரும் வந்துட்டாங்க. ரிப்பன் கட்டியிருக்கு. சீஃப் கெஸ்ட் கையில கத்தரிக்கோலு. நான் சுவிட்ச் பக்கத்துல நிக்கறேன். அய்யா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "போடுப்பா"ன்னாரு. நான் கைப்பிடியைத் தூக்குனேன்.

சத்தம் இல்ல.

இறக்கித் திரும்பத் தூக்குனேன். ஜும்மும் இல்ல, கிம்மும் இல்ல. நாப்பது பேரு நிக்கறாங்க, ஊசி விழுந்தாக் கேக்கும். மூணாந்தரம் ஓங்கித் தூக்குனேன். வேர்த்து ஊத்துது எனக்கு. அப்பதான் கலாவல்லி மேடம் கீழ பார்த்தாங்க. அந்த அட்டையைப் பார்த்துட்டாங்க. குனிஞ்சு எடுத்தாங்க. வெட்டுன பூட்டு அதுலயே தொங்குது. அவங்க மூஞ்சி வெள்ளையாப் போச்சு சார்.

"தனிக்கொடிண்ணே, அந்தப் பொண்ணு எங்க?"

"டீ குடிக்கப் போயிருக்கும் மேடம்."

பதில் சொல்லி முடிக்கலை, பட்டுச் சேலையை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஓடறாங்க சார் படியில. ஐம்பத்தி மூணு வயசு அவங்களுக்கு. "ஜெபராணி! ஜெபராணி!"ன்னு கத்திக்கிட்டே ஓடறாங்க. அந்தச் சத்தம் மேல மேல போகுது. கீழ நாங்க எல்லாம் அப்படியே நிக்கறோம். சீஃப் கெஸ்ட் என்னைப் பார்த்து, "மேல ஆள் இருக்காங்களா?"ன்னாரு. நான், "இருக்க வாய்ப்பில்லை சார்"னேன்.

ரெண்டு பேரும் இறங்கி வந்தாங்க. மேடம் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க, விடவே இல்ல. அவளுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியலை. சுவிட்சைப் பார்த்தா. கைப்பிடி மேல தூக்கி இருக்கு. என்னைப் பார்த்தா. ஓவர்கோட்டுப் பையில கையை விட்டு, வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை, ஒண்ணு, ரெண்டு, மூணு, எடுத்துக் குத்துவிளக்குத் தட்டு பக்கத்துல வரிசையா வச்சா. மொட்டைமாடிப் பெட்டியில இருந்து முன்னாடியே புடுங்கி, பையில போட்டு வச்சிருந்திருக்கா.

அய்யா கேட்டாரு, "கை எங்கம்மா இருந்துச்சு?"

"பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல சார்."

முழங்கை வரைக்கும் கிரீஸு. கருப்பா. கையில அஞ்சு விரலும் இருக்கு, நான் எண்ணிப் பார்த்தேன். ஏன் எண்ணுனேன்னு தெரியலை. திரும்ப ஒரு தரம் எண்ணுனேன்.

இப்பச் சொல்லுங்க சார். நீங்க படிச்சவரு. அவ பூட்டுப் போட்டா, சரி. அட்டை மாட்டுனா, சரி. போட்டோ வேற ஒட்டுனா, அதுவும் சரி. அதுக்கப்புறமும் எதுக்கு ஃபியூஸைப் புடுங்கி வச்சிருக்கணும்? பூட்டை ஒருத்தன் வெட்டுவான்னு முன்னாடியே நினைச்சிருக்கான்னுதானே அர்த்தம்? என்னை நம்பலை சார்! ரெண்டு வாரம் கூடவே இருந்து வேலை பார்த்திருக்கேன், டீ வாங்கிக் குடுத்திருக்கேன், என் மேல இம்புட்டு நம்பிக்கை கூடவா இல்ல? இதைத்தான் நான் அய்யாகிட்டயும் கேட்டேன். "ஒரு மனுஷனைச் சந்தேகப்படறது தப்பில்லையாங்கய்யா?"ன்னேன்.

அவகிட்டயே கேட்டேன், எல்லார் முன்னாடியும். "ஏம்மா, பூட்டுத்தான் போட்டியே, ஃபியூஸையும் எதுக்கு எடுத்த?" அமைதியாச் சொன்னா, "எல்லா ஊர்லயும் ஒரு கட்டர் இருக்கும் சார்."

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அந்த விஞ்ஞானி கத்தரிக்கோலைத் தட்டுல வச்சுட்டாரு. ரிப்பனை வெட்டலை. "இவங்க சரின்னு கையெழுத்துப் போடற அன்னைக்குக் கூப்பிடுங்க, நானே பஸ் ஏறி வர்றேன்"ன்னாரு. முகூர்த்தம் போச்சு. விழா போச்சு. போனதுதான் போச்சு, அய்யா என்ன பண்ணாரு தெரியுமா? தட்டுல ஒரு சால்வை இருந்துச்சு, ஜரிகை போட்டது. அதை எடுத்து அவ தோள்ல போட்டுட்டாரு. என் சால்வை சார் அது! அவ, "கிரீஸ் ஆயிடும் சார், வேண்டாம்"ன்னு சொல்லிப் பார்த்தா. ஆச்சு. கிரீஸ் ஆச்சு. என் கண்ணு முன்னாடி அந்த ஜரிகையில கருப்புக் கையி பதிஞ்சுச்சு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் சம்சாரத்துகிட்ட முழுசாச் சொன்னேன். சால்வை போனது, முகூர்த்தம் போனது, நாப்பது பேரு முன்னாடி மானம் போனது, எல்லாம். அவ சோத்தைப் போட்டுக்கிட்டே, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"ங்கறா. இருபத்தெட்டு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தறவ சார். எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலை. காலேஜுலயும் அப்படித்தான். வாட்ச்மேன்ல இருந்து பிரின்சிபால் வரைக்கும் எல்லாரும் அதையேதான் கேட்டாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், "தனிக்கொடி, நீ எப்படி இருக்க?"ன்னு கேக்கலை.

விசாரணை வச்சாங்க. "பூட்டை வெட்டினது உண்மையா?"ன்னாங்க. உண்மைதான், சாவி குடுத்திருந்தா ஏன் வெட்டப் போறேன்னேன். "மேல ஆள் இருக்காங்களான்னு ஏன் பாக்கலை?" பார்த்தேன், போன் போட்டுப் பார்த்தேன்னேன். அதையெல்லாம் அப்படியே எழுதிக்கிட்டாங்க. ஒரு வாரத்துல ஆர்டர் வந்துச்சு. சாவிக் கொத்தை ஒப்படைச்சுட்டு, டிரஸ்ட்டோட ஸ்கூல்ல தோட்டப் பொறுப்பு. ஒரு சாவி ஷெட்டுக்கு, ஒரு சாவி தண்ணிக் குழாய்க்கு. முப்பது ரோஜாச் செடி, ஒரு மாமரம். ரோஜாவெல்லாம் நல்லாத்தான் வருது. அது வேற விஷயம்.

ஆடி பொறந்துச்சு. ஆடியில ஒரு ஆணி கூட அடிக்க விடமாட்டாரு எங்க அய்யா. ஆனா அவளுக்காக விட்டாரு சார்! ஆடி மூணாம் நாள் டெஸ்ட்டு. நான் அன்னைக்கு மிச்சம் இருந்த சாமானை எடுக்கப் போனேன். அதுக்குத்தான் போனேன், டெஸ்ட்டைப் பாக்கப் போகலை. லேப் கதவுல ஒரு கண்ணாடி இருக்கு, அது வழியாத் தெரிஞ்சுச்சு. பார்த்தேன்.

ஒம்பது கட்டத்துலயும் மீட்டரைப் பிடிச்சா. ஒவ்வொண்ணுக்கும் கலாவல்லி மேடம் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டாங்க. ஒரு பொண்ணை ஹூட் முன்னாடி குறுக்கயும் நெடுக்கயும் நடக்கச் சொன்னா. கதவைத் திறந்து மூடச் சொன்னா. அப்புறம் உள்ள ஒரு தட்டுல புகையைப் போட்டா, நிறைய. கண்ணாடிக்குப் பின்னாடி வெள்ளைப் பால் மாதிரி நிறைஞ்சுச்சு. ஒரு பொட்டு வெளிய வரலை சார். அப்படியே பின்பக்கமா மடங்கி, மேல ஏறி, காணாமப் போச்சு. வேணும்னே ஒரு பக்கத்தை அட்டையால அடைச்சா, ஹூட்டுல இருக்கற அலாரம் உடனே கத்துச்சு. எடுத்தா, நின்னுச்சு. கண்ணாடிக் கதவு எதுவரைக்கும் தூக்கலாம்னு ஒரு செவப்புக் கோடு ஒட்டுனா. கையெழுத்துப் போட்டா. ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் கை தட்டுச்சுக. கலாவல்லி மேடம் ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துட்டாங்க, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறாங்க, துடைக்கறாங்க, துடைச்சுக்கிட்டே இருக்காங்க. ஒரு பீரோவுக்கு இவ்வளவா?

நான் கை தட்டலை. கையில சாமான் இருந்துச்சு.

அவ பையை மாட்டிக்கிட்டு வெளிய வந்தா. நேருக்கு நேர். ஒதுங்கவும் இடம் இல்ல. நான் சரி, இன்னைக்கு வாங்கிக் கட்டிக்கப் போறோம்னு நிக்கறேன். அவளும் நின்னா.

"தோட்டத்துல போட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன் சார்."

"ஆமாம்மா. உன் புண்ணியம்."

அவ பையைக் கீழ இறக்கி வச்சா. "ஒரு குரல் குடுத்திருந்தா இறங்கி வந்திருப்பேன் சார்."

"மூணு மாடிம்மா. எனக்கு முட்டி வலி."

"தெரியும் சார். நீங்க படி ஏறறப்பப் பார்த்திருக்கேன். அன்னைக்கு என் கை போயிருந்தா, உங்களுக்கும் அதை நினைச்சுக்கிட்டே வாழ வேண்டி வந்திருக்கும். அது யாருக்கும் வேண்டாம் சார்." அப்புறம் ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தா. மார்த்தாண்டத்துல ஒரு எலும்பு டாக்டராம், அவங்க அம்மாவுக்குப் பார்த்தவராம், நல்லாக் கேக்குமாம். "போய்க் காட்டுங்க சார்"ன்னா. குரல் லேசா நடுங்குச்சு.

ஏன் நடுங்குச்சுன்னு நினைக்கறீங்க? தப்புப் பண்ணவங்களுக்குத்தான் சார் குரல் நடுங்கும். ஒரு பெரிய மனுஷனை நம்பாம விட்டுட்டோமேன்னு மனசு உறுத்தியிருக்கு, அதான் டாக்டர் சீட்டு. வாயைத் திறந்து மன்னிப்புன்னு கேக்கலை, ஆனா எனக்குப் புரியாதா? எனக்கும் வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு. நானும் மனுஷன்தானே. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, சரி போ, மன்னிச்சுட்டேன்கற மாதிரி அவளுக்குத் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.